முதல் உயிருள்ள முகம்

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த பெண்ணை எல்லோரும் நர்ஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவள் நர்ஸ் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆறு வருடம் முன்பு அவள் அம்மா படிக்கட்டில் நின்றுகொண்டு, "என் பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள். அப்போது அந்த அம்மாவின் முகம் இருந்த நிலையைப் பார்த்தால் எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. சரி, நர்ஸ் என்றே வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டோம். போகப் போக, இரண்டாம் மாடிப் பெரியவர் தன் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொண்டு போய், "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?" என்று அவளிடம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் டாக்டரையே கேட்டுடுங்க மாமா" என்பாள். நிஜ நர்ஸும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

அவள் வேலை பார்த்தது இறந்தவர்களிடம். பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் அந்த நிறுவனம் இருந்தது. இறந்தவர்களைக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, உடுத்தி, வீட்டார் பார்க்கிற மாதிரி பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். குளிப்பாட்ட ஆள் வேறு, உடுத்த ஆள் வேறு. முகம் மட்டும் இவள் பொறுப்பு.

நான் தரைத்தளத்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஜன்னல் படிக்கட்டைப் பார்த்து இருக்கும். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் யாரையும் நிறுத்தி எதுவும் கேட்டதில்லை. அவர்களாகவே நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது. நர்ஸும் என்னை அக்கா என்பாள், ஐம்பத்தெட்டு வயது அவள் அம்மாவும் என்னை அக்கா என்பாள். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நர்ஸ் அந்த வேலைக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா லாரி ஷெட்டில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். ஒரு நாள் மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அதே நிறுவனம்தான் அவரைத் தயார் செய்து அனுப்பியது. பெட்டியைத் திறந்தார்கள். கன்னத்தில் பொம்மைக்குப் போடுகிற மாதிரி ரோஸ். உதட்டில் சாயம். இடது பக்கம் வகிடு எடுக்கிற மனுஷனுக்கு வலது பக்கம் வகிடு. அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, சுற்றி நின்ற எங்கள் எல்லோரிடமும், "இது யாரு?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவள் அழவும் இல்லை. யாரென்றே தெரியாத மனுஷனுக்கு எப்படி அழுவது?

பத்து நாள் கழித்து மகள் அந்த நிறுவனத்துக்குச் சண்டை போடப் போனாள். முதலாளி அவள் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு இருக்கிற ஆள் அவ்வளவுதாம்மா. உனக்குத் தெரிஞ்சா நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து செஞ்சு காட்டு" என்றாராம். செய்து காட்டப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அம்மாவால் அதை ஜீரணிக்க முடியவில்லை. "என் புருஷனைப் பொம்மையாக்கின இடத்துலயே போய் சம்பளம் வாங்கறாளே, இவளை என்னன்னு சொல்றது?" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். மறுநாள்தான் படிக்கட்டில் அந்த ஆஸ்பத்திரிப் பொய்யைச் சொன்னாள். வீட்டுக்குள் ஒரு சட்டமும் போட்டாள். மகள் வேலையிலிருந்து வந்ததும் குளிக்க வேண்டும். குளித்த பிறகுதான் பேச்சு. அந்தக் கை தன் மேல் படவே கூடாது. முக்கியமாக முகத்தில். போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மகள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் நர்ஸ் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டிப் போனாள். "யாருக்கு?" என்றேன். "அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்னு வாங்கினேன்க்கா" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள்.

அம்மா கெட்டவள் இல்லை. மகளுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைப்பாள், தட்டில் வைப்பாள், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். கை மட்டும் படக் கூடாது.

இப்படி இருக்கையில் நர்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். நிறுவனத்தின் குளிர் அறை பழுதானபோது சரிசெய்ய வந்தவர். உள்ளே போகப் பயந்து வாசலிலேயே டூல் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றாராம். "அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீங்கதான் கதவைத் திறந்து போட்டுடாதீங்க" என்றாளாம் இவள். அந்த வருடம் அவர் நாலு தடவை வந்து குளிர் அறையைச் சரிசெய்தார். அது பழுதானது ஒரு தடவைதான்.

காலையில் பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அதன் பிறகு பக்கத்து ஹாலில் சாப்பாடு, போட்டோ. அவ்வளவுதான் ஏற்பாடு. ரவிக்கை தைக்கிற பொறுப்பு எனக்கு. மேக்கப்புக்குத் தெருமுனை பார்லரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு பேரும் போனோம். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. கழுத்து இறக்கத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

பார்லர்காரி நர்ஸின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "நல்ல ஸ்கின்தான். ஆமா, உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே?"

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லியிருப்பார்கள். நர்ஸுக்குப் பொய் வராது. வீட்டுப் பொய் முழுவதையும் அம்மாவே எடுத்துக்கொண்டாள்.

"போன வருஷம் உங்க மாமியாருக்கு நான்தான் முகம் சரி பண்ணினேன்."

பார்லர்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, நீங்கதானா! உயிரோட இருந்தப்பகூட அவங்க அவ்வளவு சாந்தமா இருந்ததில்லைங்க" என்றாள். மனதாரச் சொன்னாள். சொல்லிக்கொண்டே தாடையிலிருந்து கையை எடுத்துத் துண்டில் துடைத்தாள். பிறகு டைரியைப் புரட்டி, "அன்னைக்கு எனக்கு ஃபுல்லா ஆள் இருக்கே, அடடா" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். பக்கம் காலியாக இருந்தது.

வெளியே வந்ததும் எனக்கு வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. "வா, வேற பார்லர் இல்லையா என்ன? ஊர் முழுக்க இருக்கு" என்றேன்.

"வேண்டாம்க்கா. அங்கயும் யாராவது செத்திருப்பாங்க" என்றாள். "நானே போட்டுக்கறேன். ஆறு வருஷமா இதுதானே செய்யறேன்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. கழுத்தில் அளவு டேப்பும் வாயில் நாலு குண்டூசியுமாக ஓடினேன். கதவு திறந்திருந்தது. அம்மா ஈரத் தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையில் பாய். பாயில் நர்ஸ் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். இரண்டு கையும் நெஞ்சின் மேல். கண் மூடியிருந்தது. முகம் அப்படி ஓர் அழகு. ஒரு குறை சொல்ல முடியாது. வாயில் ஊசி இருந்ததால் என்னால் கத்தவும் முடியவில்லை.

நர்ஸ் உதட்டை அசைக்காமல், "அஞ்சு நிமிஷம் இரும்மா. காயணும்" என்றாள்.

நடந்தது இதுதான். வேலையில் அவள் மேசையின் தலைமாட்டில் நின்று செய்து பழகியவள். முகம் படுத்திருக்கும், தலைகீழாகத் தெரியும். கண்ணாடி முன் நிமிர்ந்து உட்கார்ந்தால் கைக்கு இடது வலது குழம்பிவிட்டது. அதனால் தானே படுத்துக்கொண்டு, கண்ணாடியை மேலே பிடித்துக்கொண்டு போட்டிருக்கிறாள். படுத்தவுடன் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"எந்திரிடி!" என்று அம்மா கத்தினாள். "எந்திரி முதல்ல!"

எழுந்தாள். எழுந்தவுடன் அழகு போய்விட்டது. படுத்திருக்கும்போது கன்னச் சதை காதுப் பக்கம் ஒதுங்கியிருக்கும். அதற்குத் தகுந்தபடி வைத்த நிழல், நிமிர்ந்ததும் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. முகம் வேறு ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. மூக்கு நுனி, காது மடல், கண் இமை எல்லாம் சிவப்பு. நான் ஊசிகளை எடுத்துவிட்டு, "காய்ச்சலாடி உனக்கு?" என்றேன்.

அவள் கண்ணாடியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்ககிட்ட வர்றவங்களுக்கு முகத்துல ரத்தம் இருக்காதுக்கா. முதல் வேலையா அதைத் திருப்பி வைக்கணும். கைப் பழக்கத்துல எனக்கும் வெச்சுட்டேன்." மூக்கு நுனியைத் தொட்டாள். "எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் வந்தது. சிரித்தவுடன் வாயோரம் இரண்டு பக்கமும் பூச்சு வெடித்துக் கோடு கோடாகப் பிளந்தது. இறந்தவர்கள் தோல் குளிர்ந்து வறண்டிருக்கும், கிரீமை உள்ளே இழுக்காது, தடிமனாகத்தான் போட வேண்டும், அப்படியே நிற்கும் என்று அவள் எனக்கு விளக்கினாள். "அவங்க சிரிக்க மாட்டாங்கல்ல. அதை நான் யோசிக்கலை" என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. "பெத்த வயிறுடி இது. என் கண்ணு முன்னாடி அந்தக் கையால உன்னை நீயே அப்படி ஆக்கிட்டுப் படுத்திருக்கியே" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவரை அந்தக் கைமேல் இருந்தது அருவருப்பு என்றால், அன்றிலிருந்து பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாள் தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு எதிரில் உட்காராமல் போனாளாம்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ரவிக்கை அளவு பார்க்க வந்தபோது நர்ஸ் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, உங்க முகத்தை எனக்கு ஒரு அரை மணி நேரம் தர்றீங்களா? பேசற, சிரிக்கிற முகத்துல ஒரு தடவை போட்டுப் பார்த்தா எனக்குப் புரிஞ்சிடும்."

நான் எனக்குக் கழுத்து வலி என்றேன்.

அவள் கேட்டது முகத்தை. நான் சொன்னது கழுத்தை. அவள் "சரிக்கா" என்று சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், நான் அக்குள் அளவு எடுத்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பார்லர்காரியை நாலு பேரிடம் திட்டிவிட்டு வந்தவள் நான். அவள் மற்ற வீடுகளில் கேட்டபோதும் அப்படித்தான். இரண்டாம் மாடி அம்மாவுக்கு அலர்ஜி. நாலாம் மாடிக் கல்லூரிப் பெண்ணுக்குப் பரீட்சை, அதுவும் விடுமுறையில். கட்டடமே ஒரே நாளில் முகம் இல்லாமல் போய்விட்டது.

"ஏன், உங்காளு கொடுக்க மாட்டாரா?" என்றேன், பேச்சை மாற்ற.

"அவர் கேட்காமலே வந்து உட்கார்ந்தாருக்கா. மீசையை எடுக்கவும் ரெடின்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கைக்கு ஒரு முகத்தைத் தொட்டா ஒரே ஒரு வேலைதான் தெரியும். அவரை அப்படி ஒரு தடவை பார்த்துட்டா அப்புறம் மறக்காது."

அம்மாவின் பயம் மகளுக்கும் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் மனம் லேசாகட்டும் என்று, "அது கிடக்கட்டும், கல்யாணத்துக்கு அம்மாகிட்ட என்ன கேட்டிருக்கே? சும்மா விட்டுடாதே" என்றேன்.

"கேட்கலை."

"கேட்டா என்ன கேட்பே?"

யோசித்தாள். "அம்மா நெத்தியைத் தொட்டுப் பார்க்கணும்க்கா. காய்ச்சல் இல்லாதப்பவே."

என் கையில் இருந்த சாக்பீஸ் கோணலாக ஒரு கோடு போட்டது. அந்த ரவிக்கையின் இடது தோளில் அது கடைசிவரை போகவே இல்லை. உள்பக்கமாகத் தள்ளித் தைத்துவிட்டேன்.

இது என்னிடம் சொல்லப்பட்ட விஷயம். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தைத்த ரவிக்கையைக் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். நர்ஸ் பூக்கடைக்குப் போயிருந்தாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க வேலையைப் பாருங்கக்கா" என்றாள்.

நான் கீழே இறங்கி வந்து என் வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முடி கட்டிவிட நான் மேலே போனபோது நர்ஸ் கண்ணாடி முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வாங்கின ஃபவுண்டேஷன், பவுடர், மை, லிப்ஸ்டிக் எல்லாம் வேலை மேசையில் வைக்கிற ஒழுங்கில் வரிசையாக இருந்தன. முதல் தடவை போட்டாள். காய்ச்சல் முகம் வந்தது. கழுவினாள். இரண்டாவது தடவை சிவப்பை அறவே விட்டுவிட்டுப் போட்டாள். நான் பேச்சுக் கொடுத்தேன். பேசப் பேச வாயோரம் பிளந்தது. கழுவினாள். மூன்றாவது தடவை மெல்லிசாகப் போடப் பார்த்தாள். கை கேட்கவில்லை. பாதிக் கன்னம் தடிமனாகவும் பாதி திட்டுத் திட்டாகவும் நின்றது. அதையும் கழுவினாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிவிட்டது.

மணி ஒன்பதேகால். பத்தரைக்கு ஏசிக்காரர் வண்டியோடு வந்துவிடுவார். அவள் பிரஷை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். அந்தக் கை தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஆறு வருஷத்துல உயிரோட இருக்கிற ஒரு முகத்தைக்கூட நான் தொட்டதில்லைக்கா" என்றாள். "என் முகத்தையே எனக்குத் தெரியலை."

இந்தா என் முகம், எடுத்துக்கோ என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் பின்னால் பிளாஸ்டிக் முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அம்மா முக்காலியைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போடு" என்றாள்.

"என்னம்மா?"

"எனக்குப் போட்டுப் பழகிக்கோ. அப்புறம் உனக்குப் போட்டுக்கோ. சீக்கிரம், நேரம் ஆகுது."

நர்ஸ் எழுந்து நின்றாள். "கையைக் கழுவிட்டு வர்றேன்."

"காலையிலேருந்து நாலு தடவை கழுவிட்டே. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். வா."

நர்ஸ் கிரீமை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் அம்மாவின் தலைமாட்டுப் பக்கம், பின்னால் போய் நின்றாள். அம்மா அண்ணாந்து பார்த்து, "எங்கடி போறே? மூஞ்சி இங்க இருக்கு. முன்னாடி வா" என்றாள். முன்னால் வந்தாள். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறம்மா."

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான். திற. நீ மூடினா என் கை பழையபடி போயிடும்."

அம்மா கண்ணைத் திறந்தாள். நர்ஸ் இரண்டு விரலை அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"சுடுதும்மா."

"சுடாம? நாலு மணியிலேருந்து அடுப்புகிட்டயே நிக்கிறேன்."

நர்ஸ் மறுபடியும் விரலை வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. வேலையில் கிரீமை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கித்தான் போடுவாளாம். இங்கே அது கன்னத்தில் பட்டதும் தானாக உருகியது. கொஞ்சம் போதும் என்று கைக்கே தெரிந்துவிட்டது. அம்மா ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை. ஹாலில் நாற்காலி போதுமா, போட்டோக்காரன் வந்துவிடுவானா, இரண்டாம் மாடிக்காரருக்கு உப்பு இல்லாமல் தனியாகச் சொல்லியாச்சா என்று பேசிக்கொண்டே இருந்தாள். முகம் முழுவதும் ஆடியது. நர்ஸின் கை ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று, எங்கே மடிகிறது, எங்கே விரிகிறது என்று பார்த்துப் போட்டது. தயக்கம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

திடீரென்று அம்மா, "உங்கப்பாவுக்கு வகிடு இடது பக்கம்" என்றாள்.

"தெரியும்மா. அதைச் சொல்லத்தான் அங்க போனேன்."

"சொல்லத்தான் போனியா?"

"இனிமே யாருக்கும் மாத்தி எடுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். யாரு வந்தாலும் முதல்ல போட்டோ கேட்டு வாங்கி வகிடு பார்த்துட்டுதான் சீப்பைத் தொடுவேன்."

அம்மா அப்போதுதான் வாயை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு வருஷமா இதை ஏண்டி எங்கிட்ட சொல்லலை?" என்றாள்.

"குளிச்சுட்டு வந்துதான் பேசணும்னு சொன்னே. குளிச்சா எனக்குத் தூக்கம் வந்துடும்."

அம்மாவின் கண்ணில் நீர் நிறைந்தது. நர்ஸ் ஒரு துணியின் முனையை மடித்து, இமைக்குக் கீழே வைத்து அணை கட்டினாள். "அழாதேம்மா. அங்க இன்னும் காயலை."

"செத்தவங்க அழ மாட்டாங்க. உனக்கு வசதி" என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்குக் கன்னத்துல சிவப்பு வைக்கலையா?"

"உனக்கு இருக்கும்மா. வேண்டாம்."

முடிந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். அம்மா இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அன்று பெட்டி முன்னால் அவள் "இது யாரு?" என்று கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"நான்தான்" என்றாள் அம்மா.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போனால் இதை வாங்கிக்கொண்டு வா என்கிற குரலில் சொன்னாள். "எனக்கும் ஒரு நாள் வரும்ல. அப்பவும் நீயே போடு. வேற எவனையும் விடாதே. ரத்தம் கொஞ்சமா வை."

"சரிம்மா" என்றாள் நர்ஸ். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் இல்லை.

கீழே ஹாரன் அடித்தது. அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது, மணி பத்தரை. கல்யாணப் பெண் முகத்தில் ஒன்றுமே இல்லை. பழகுவதற்கு வைத்திருந்த நேரம் அத்தனையையும் அம்மா முகம் சாப்பிட்டுவிட்டது. நர்ஸ் முகத்தைக் கழுவித் துடைத்து, நின்றபடியே மை இட்டு, உதட்டில் லேசாக ஒரு இழுப்பு இழுத்தாள். மூன்று நிமிடம்கூட இருக்காது. படியில் இறங்கும்போது நான் கொண்டை ஊசி குத்திக்கொண்டே இறங்கினேன். ஏசிக்காரர் அவளைப் பார்த்தார், பின்னால் வந்த மாமியாரைப் பார்த்தார், "அத்தை, இன்னைக்கு உங்களுக்கா கல்யாணம்?" என்றார். அவரை எனக்கு அன்றிலிருந்துதான் பிடித்தது.

ஹாலிலும் அதே கதைதான். போட்டோவில் பெண் பளிச்சென்று கழுவின முகத்தோடு நிற்பாள், பக்கத்தில் அம்மா பத்து வயது குறைந்து நிற்பாள். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். நான் வீம்புக்கு அழைப்பு வைத்திருந்த பார்லர்காரியும் வந்திருந்தாள். கிட்ட வந்து அம்மாவின் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். தொழில் தெரிந்தவள், மறைக்க முடியவில்லை.

"ரொம்ப நைஸா இருக்கே. எந்த பார்லர்ங்க?"

"என் பொண்ணு போட்டா" என்றாள் அம்மா.

பக்கத்துப் பந்தியில் இருந்து இரண்டாம் மாடிக்காரர், "நம்ம நர்ஸா!" என்றார்.

"நர்ஸ் இல்லைங்க" என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்தவில்லை. "செத்தவங்களுக்கு முகம் சரி பண்றது அவ வேலை. ஆறு வருஷமா. அவங்கவங்க முகம் அவங்கவங்களுக்கே இருக்கிற மாதிரி பண்ணுவா."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பெரியவர் மட்டும் கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "அப்ப என் மாத்திரை?" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் ஏசிக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். நர்ஸ் வண்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "தெர்மாமீட்டர் அலமாரியில மேல் தட்டுல இருக்கும்மா" என்றாள். அதைத்தான் சொல்ல வந்தாளா என்று தெரியாது.

அம்மா நேராகப் போய் மகளின் வலது கையைப் பிடித்தாள். புறங்கையை அல்ல, உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். அதைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் இருக்கா பாரு."

நர்ஸ் கையை எடுக்கப் போனாள். "இல்லைம்மா."

"உடனே எடுத்தா எப்படித் தெரியும்? நல்லாப் பாரு."

நர்ஸ் கையை எடுக்கவில்லை. காலையில் அவ்வளவு பாடுபட்டுப் போட்டதெல்லாம் அம்மாவின் கன்னத்தில் வழிந்து ஓடியது, இரண்டு பேரும் துடைக்கவில்லை. ஏசிக்காரர் வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டார்.